ஜான் மேக்ஸ்வெல்லின் தலைமைத்துவ நூல்கள்: அதிகாரம் இல்லாத பொறுப்பாளருக்கு உதவுமா?

கேள்வி | பதிந்தவர்: புதிய பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவில் ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். நேற்றுவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இன்று நான் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் விடுப்புக்கு ஒப்புதல் தருவதும் ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைப்பதும் என் கையில் இல்லை. பொறுப்பு இறங்கி வந்தது, அதிகாரம் மேலேயே தங்கிவிட்டது. இதை மேலாளரிடம் சொன்னபோது, ஜான் சி. மேக்ஸ்வெல் எழுதிய, தலைமையின் மறுக்க முடியாத 21 விதிகளைச் சொல்லும் நூலை என் மேசைமேல் வைத்துவிட்டு, படித்துப் பாருங்கள் என்று போய்விட்டார். 2007-இல் திருத்தி வெளியிட்ட பதிப்பு அது.

பாதி படித்துவிட்டேன். கதைகள் சுவையாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு விதியைச் சொல்லி, வரலாற்றிலிருந்து ஒரு கதையை எடுத்துக்காட்டி, அதே விதியை வேறு சொற்களில் திரும்பச் சொல்லி முடிவதால், பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

என் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். வாராந்திரக் கூட்டத்தில் நான் ஏதாவது மாற்றத்தை அறிவித்தால், ஒன்பது பேரில் ஐந்தாறு பேர் என்னைப் பார்ப்பதில்லை. மேசையின் கடைசியில் அமர்ந்திருக்கும், நாங்கள் எல்லாரும் அக்கா என்று அழைக்கிற மூத்த ஊழியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினால் மற்றவர்களும் எழுதுகிறார்கள். அவர் பேனாவை மூடி வைத்தால் அந்த மாற்றம் அன்றோடு சரி.

மேக்ஸ்வெல் உண்மையில் யார்? அவர் எப்போதாவது ஒரு தொழிலை நடத்தியவரா, அல்லது மேடைப் பேச்சாளர் மட்டும்தானா? அவருடைய கருத்துகளில் எவை நடைமுறையில் நிற்கும்? மீதிப் பாதியையும் படித்து முடிக்கலாமா?

மறுமொழி 1 | பதிந்தவர்: பழைய ஒலிநாடா

பிரசங்கம் போல இருக்கிறது என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான கணிப்பு. அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் போதகராகவே பணியாற்றியவர். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தந்தை மெல்வின் மேக்ஸ்வெல்லும் போதகர்தான். வீட்டு வேலை செய்தால் கைச்செலவுக்குப் பணம் தருவது என்ற வழக்கத்தை விட்டு, தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் புத்தகங்களைப் படித்து முடித்தால் பிள்ளைகளுக்குப் பணம் தந்தவர் என்று மகன் பல இடங்களில் நன்றியோடு எழுதியிருக்கிறார். மக்களோடு பழகும் கலையைப் பற்றி எழுதிய டேல் கார்னகியைச் சிறுவயதிலேயே மகன் படித்தது அப்படித்தான். 1969-இல் ஒஹையோவில் வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, இண்டியானா மாநிலத்தின் ஹில்ஹாம் என்ற சிற்றூர்ச் சபைக்குப் போதகராகப் போனார். பிறகு ஒஹையோவின் லங்காஸ்டர். அதன்பின் 1981 முதல் 1995 வரை, கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பகுதியிலுள்ள ஸ்கைலைன் வெஸ்லியன் சபை. அங்கே இருந்தபோதே, 1985-இல், மற்றப் போதகர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்க இன்ஜாய் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மாதந்தோறும் ஒலிநாடாவில் ஒரு பாடம் என்று அனுப்பிவந்தார். தொழில் நிறுவனங்களின் மேலாளர்கள் அவரைப் படிக்கத் தொடங்கியது பின்னாளில் நடந்த கதை.

இந்த வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையில் பெரும்பாலான வேலையைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். ஞாயிறு காலை நாற்காலி அடுக்க ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்பளத்தைப் பிடிக்க முடியாது. பாடகர் குழுவில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவருக்கு விளக்கக் கடிதம் அனுப்ப முடியாது. ஆட்களைக் கட்டிவைக்க ஊதியமும் ஒப்பந்தமும் இல்லாத ஓரிடத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை வாங்கிய ஒருவர், தலைமை என்பது செல்வாக்கைத் தவிர வேறில்லை என்று சொன்னால், அது அவர் மேடைக்காகக் கண்டுபிடித்த வாக்கியமாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேறு எந்தக் கருவியும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. விடுப்புக்குக்கூட ஒப்புதல் தர முடியாத உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆயிரம் பேரை ஆளும் நிறுவனத் தலைவரைவிட உங்களுக்கு அவர் நெருக்கமானவர்.

உங்கள் அக்காவைப் பற்றிப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஹில்ஹாம் சபையில் நடந்ததாக அவர் சொல்லும் நிகழ்ச்சி. இருபத்திரண்டு வயதில் முதல் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய் உட்கார்கிறார். தலைமை தாங்க வேண்டியவர் அவர். ஆனால் கூட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எல்லாருடைய கண்ணும் ஒரு விவசாயியை நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்த மனிதர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், அவர் மௌனமாக இருந்தால் பொருள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்த விவசாயி கெட்டவரும் இல்லை, பதவி ஆசை பிடித்தவரும் இல்லை. உழைப்பாளி, நேர்மையானவர், ஊரே மதிப்பவர். இளம் போதகர் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவருடைய பண்ணைக்குப் போய், கூடமாட வேலை செய்துகொண்டே, சபையில் இன்னின்ன வேலைகள் கவனிக்கப்படாமல் கிடக்கின்றன என்று பேச்சுவாக்கில் சொல்லத் தொடங்கினார். அடுத்த கூட்டத்தில் அவற்றையெல்லாம் அந்த விவசாயியே எடுத்துப் பேச, எல்லாம் நிறைவேறின.

1998-இல் வந்த முதல் பதிப்பில் இந்த நிகழ்ச்சிக்கென்றே ஒரு விதி இருந்தது. அதற்கு ஈ. எஃப். ஹட்டன் விதி என்று பெயர். ஹட்டன் என்பது ஒரு பங்குத் தரகு நிறுவனம். அதன் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒருவர் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சுற்றியிருக்கும் கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும். உண்மையான தலைவர் பேசும்போது மக்கள் கேட்கிறார்கள் என்பது விதி. உங்கள் கையிலுள்ள 2007 பதிப்பில் அது தனி விதியாக இல்லை. அந்தத் தரகு நிறுவனமும் 1988-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது. விளம்பரத்தைப் பார்த்தவர்களும் குறைந்துவிட்டார்கள். உங்களுக்கு மிகவும் தேவையான அத்தியாயம் உங்கள் பிரதியில் இல்லாமல் போனது வேடிக்கைதான்.

மறுமொழி 2 | பதிந்தவர்: விதிவிலக்கு

மேலே எழுதியவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். மறுக்க முடியாதவை என்று அட்டையில் அச்சிட்ட 21 விதிகளில் இரண்டை ஒன்பதே ஆண்டுகளில் ஆசிரியரே எடுத்துவிட்டார்; ஹட்டன் விதியோடு, தலைவரை உருவாக்கத் தலைவரால்தான் முடியும் என்ற மறுஉருவாக்க விதியும் போயிற்று. அந்த இடங்களில் பிறருக்குத் தொண்டு செய்வதால் மதிப்புக் கூடுகிறது என்ற கூட்டல் விதியும், கண்ணால் காண்பதையே மக்கள் செய்கிறார்கள் என்ற காட்சி விதியும் வந்தன. எண்ணிக்கை மட்டும் 21-லிருந்து மாறவில்லை. கருத்தைத் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம்தான், அதற்காக நான் அவரை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் திருத்தப்படக்கூடிய ஒன்றை விதி என்று அழைக்காமல் அனுபவக் குறிப்பு என்று அழைத்திருந்தால் நாணயமாக இருந்திருக்கும்.

என் முதன்மையான குறை அவருடைய கதைகளைப் பற்றியது. வழிசெலுத்தும் விதிக்கு அவர் தென்துருவப் பயணத்தை எடுத்துக்கொள்கிறார். நார்வே நாட்டின் ஆமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்து தன் ஆட்களோடு நலமாகத் திரும்பினார். பிரிட்டனின் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் நான்கு தோழர்களோடு உயிரிழந்தார். மேக்ஸ்வெல்லின் கணக்கில் ஒருவர் திட்டமிட்டார், மற்றவர் திட்டமிடவில்லை, அவ்வளவுதான். ஸ்காட்டின் பிழைகள் மெய்யானவை என்பதை நான் மறுக்கவில்லை. உணவுக் கிடங்கு ஒன்றை முதலில் எண்ணியிருந்த இடத்துக்கு வெகு வடக்கிலேயே அமைத்துவிட்டார். கடைசிக் கூடாரம் அந்தக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில் நின்றுபோனது என்பதை எப்போது படித்தாலும் மனம் கனத்துப்போகும். ஆனால் வளிமண்டல அறிவியலாளர் சூசன் சாலமன் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், ஸ்காட் குழுவின் வெப்பநிலைக் குறிப்புகளைப் பிற்காலத் தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, அவர்கள் திரும்பிய வாரங்களில் அந்தப் பனிச் சமவெளியில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவியது என்று காட்டியிருக்கிறார். அந்தக் குளிரில் பனியின்மேல் சறுக்குவண்டி எளிதில் நகராது. மணலில் இழுப்பதைப் போல இழுக்க வேண்டும். தலைவரின் குணத்தை மட்டும் எடைபோடும் நூலில் வானிலைக்கு இடமில்லை.

மூடி விதியிலும் இதே கதைதான். ஒருவரின் தலைமைத்திறன் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு மேல் அவருடைய அமைப்பு வளராது, அது பாத்திரத்தின் மேல் கவிழ்த்த மூடி என்கிறார். சான்று, மெக்டொனால்டு சகோதரர்கள். 1948-இல் விரைவு உணவு முறையைத் தங்கள் சமையற்கூடத்தில் கண்டுபிடித்து நேர்த்தியாக்கியவர்கள் அவர்கள். அதை நாடெங்கும் கொண்டுபோனவர் ரே கிராக். 1961-இல் 27 லட்சம் டாலர் கொடுத்து அவர்களிடமிருந்து பெயரையும் வணிக உரிமைகளையும் வாங்கிக்கொண்டார். ஆகவே சகோதரர்களின் மூடி தாழ்ந்தது, கிராக்கின் மூடி உயர்ந்தது என்று தீர்ப்பு. நிம்மதியாக வாழப் போதுமானதைச் சம்பாதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஒருவர் விரும்பக்கூடும் என்பது இந்த அளவுகோலில் குறைபாடாகவே பதிவாகும்.

எல்லாம் தலைமையால் உயர்கிறது, தலைமையால் விழுகிறது என்று அவர் ஓயாமல் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங். வேலையிடத்துக் கோளாறுகளில் மிகப் பெரும்பங்கு அமைப்புமுறையைச் சேர்ந்தது, தனி ஆட்களைச் சேர்ந்தது மிகக் குறைவு என்பது அவருடைய நிலைப்பாடு. புதிய பொறுப்பாளர் அவர்களே, உங்கள் அக்கா பேனாவை மூடும் தருணங்களைக் குறித்து வையுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் செல்வாக்குக் குறைவால் மூடுகிறாரா, அல்லது நீங்கள் அறிவிக்கும் மாற்றம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறதா? இரண்டாவதாக இருந்தால், எத்தனை விதிகளைப் படித்தாலும் பயன் இராது.

மறுமொழி 3 | பதிந்தவர்: மூன்றாம் ஷிப்ட்

நான் நீளமாக எழுதப்போவதில்லை. முன்னுரிமை விதியைப் படித்துவிட்டு நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். விளைவில் 80 விழுக்காடு 20 விழுக்காட்டுக் காரணங்களிலிருந்தே வருகிறது என்ற பரேட்டோவின் 80-20 கணக்கை எடுத்துக்கொண்டு, தலைவர் தன் நேரத்தில் 80 விழுக்காட்டைத் திறமையில் முதலிடத்திலுள்ள 20 விழுக்காட்டு ஆட்களுக்குச் செலவிட வேண்டும் என்று மேக்ஸ்வெல் வலியுறுத்துவார். என் பொறுப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். மிகத் திறமையான இருவரைத் தேர்ந்தெடுத்து நான்கு மாதங்கள் அவர்களுக்கே என் மாலைகளையெல்லாம் கொடுத்தேன். இருவரும் நன்றாக வளர்ந்தார்கள். ஒருவர் வேறு நிறுவனத்துக்கு உயர்ந்த பதவியில் போய்விட்டார். மீதமிருந்த ஒன்பது பேரில் மூவர் ஒரே மாதத்தில் இடமாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னது இது: என் இயந்திரம் நின்றால் மட்டும்தான் நீங்கள் என் பக்கம் வருகிறீர்கள்.

சபையில் மனம் வாடிய தன்னார்வலர் மெல்ல வராமல் நின்றுவிடுவார். ஷிப்டில் மனம் வாடியவர் எட்டு மணி நேரமும் நம் கண்ணெதிரிலேயே இருப்பார். இந்த வேறுபாட்டை அந்த நூல் எங்கும் கணக்கில் எடுப்பதில்லை.

மறுமொழி 4 | பதிந்தவர்: பயிற்சி அறை

சில ஆண்டுகள் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகள் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

அவருடைய நூல்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதற்கு அவர் வேலை செய்யும் முறையும் ஒரு காரணம். இளம் வயதிலிருந்தே படிப்பவற்றில் கண்ணில் பட்ட நல்ல வரிகளையும் நிகழ்ச்சிகளையும் வெட்டியெடுத்துத் தலைப்புவாரியாகக் கோப்புகளில் அடுக்கி வந்தவர் அவர். எழுதும்போது கோடு போட்ட நீளத் தாள் அட்டையில், நான்கு நிற மை கொண்ட பேனாவால் கையால்தான் எழுதுவார். 1990-களின் நடுவிலிருந்து சார்லி வெட்ஸல் என்ற எழுத்துத் துணைவர் அவற்றை நூல்வடிவமாக்க உடனிருக்கிறார். இதை அவர் மறைப்பதும் இல்லை. கோப்பிலிருந்து பிறக்கும் அத்தியாயம் கோப்பின் வடிவில்தான் இருக்கும்: மேலே தலைப்பு, கீழே மேற்கோள்கள், நடுவில் கதை. ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அவ்வளவு உறுத்தாது.

அடுத்தது, 21 விதிகளைவிட எனக்கு வகுப்பில் பயன்பட்டது அவருடைய ஐந்து படிநிலைக் கருத்து. 1993-இல் வந்த நூலிலேயே அதைச் சொல்லிவிட்டார், 2011-இல் தனி நூலாக விரித்தார். முதற்படியில் பதவிக்காக மக்கள் உங்களைப் பின்பற்றுகிறார்கள். இரண்டாவதில் உங்கள்மேல் கொண்ட உறவால். மூன்றாவதில் நீங்கள் செய்துகாட்டிய வேலையால். நான்காவதில் அவர்களை நீங்கள் வளர்த்துவிட்டதால். ஐந்தாவதில் நீங்கள் யார் என்பதற்காக. பெரும்பாலானோர் இதை ஏணி என்று நினைத்து, நான் இப்போது மூன்றாம் படியில் இருக்கிறேன் என்று மார்தட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வோர் ஆளோடும் நீங்கள் வெவ்வேறு படியில் நிற்கிறீர்கள் என்று அவரே அந்த நூலில் தெளிவாக எழுதியிருக்கிறார். வகுப்பில் நான் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் குழுவினரின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி எதிரே படியின் எண்ணைப் போடுங்கள் என்பேன். தாளைக் கையில் வாங்கும்போது இருக்கும் உற்சாகம் நான்காவது பெயருக்குள் வடிந்துவிடும். நான் முதன்முதலில் எழுதியபோது என் தாளிலும் ஒன்றுகள்தான் மிகுதி.

அவருடைய பெயரில் நடக்கும் வணிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 முதல், கட்டணம் செலுத்திப் பயிற்சி முடிப்பவர்கள் அவருடைய பாடங்களைத் தாங்களே நடத்தும் வகையில் சான்றிதழ் முறை ஒன்று இயங்குகிறது. சிலர் அதன்பின் நல்ல பயிற்றுநர்களானதைப் பார்த்திருக்கிறேன். குழு எதையும் ஒருநாளும் நடத்தியிராத பலர் சான்றிதழை மாட்டிக்கொண்டு தலைமையைப் பற்றிப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். செல்வாக்கை ஆண்டுக்கணக்கில் ஈட்ட வேண்டும் என்று போதித்தவரின் பெயரில் இது நடப்பது எனக்கு உவப்பாக இல்லை.

கேள்வியாளரின் தொடர்ச்சி | பதிந்தவர்: புதிய பொறுப்பாளர்

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், காரணம் நீங்கள் சொன்ன இரண்டை முயன்று பார்த்தேன்.

பெயர்த் தாளை எழுதினேன். இரண்டு பேருக்கு எதிரே மூன்று, ஒருவருக்கு எதிரே இரண்டு, மற்ற ஆறு பேருக்கு எதிரே ஒன்று. அக்காவும் அந்த ஆறில் ஒருவர். அவரோடு ஏழு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன் என்பதால் அந்த ஒன்றை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

பிறகு, பண்ணைக்குப் போவது எனக்கு இயலாது என்றாலும், அவர் மதியத்தில் பதிவுகளைச் சரிபார்க்கும் நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டை நான் வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு நாட்கள் அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள், சென்ற மாதம் நான் அறிவித்துக் காணாமற்போன புதிய படிவத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து என் முன் வைத்தார். நான்காம் பத்தியிலும் ஒன்பதாம் பத்தியிலும் ஒரே தேதியைத்தான் கேட்டிருக்கிறேன். வெவ்வேறு பெயரில் கேட்டிருப்பதால் நிரப்புகிறவர் இரண்டு பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேட்கவில்லையே தம்பி என்றார்.

ஆகவே விதிவிலக்கு அவர்கள் எழுப்பிய ஐயம் சரிதான்: படிவம் தவறு. ஆனால் படிவம் தவறு என்பது எனக்குத் தெரியவந்தது ஒலிநாடா அவர்கள் சொன்ன வழியில். ஒன்பதாம் பத்தியை நீக்கிவிட்டோம். இந்த வாரக் கூட்டத்தில் அதை அக்காவையே விளக்கச் சொன்னேன், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து எழுதினார்களா என்று கேட்காதீர்கள்.

நூலின் மறுபாதியை வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகப் படிக்கிறேன். அந்த 1998 பதிப்பு எங்காவது கிடைத்தால் ஹட்டன் விதி எத்தனையாவது அத்தியாயம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி 5 | பதிந்தவர்: பழைய ஒலிநாடா

ஐந்தாவது. பழைய புத்தகக் கடைகளில் முதல் பதிப்பு இன்னும் தென்படுகிறது. வாங்குவதற்கு முன் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவதாக மறுஉருவாக்க விதி இருந்தால் அது பழைய பதிப்பு, காட்சி விதி இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான்.